வாசகர் கேள்வி பதில்: டிசம்பர் மாத அடுப்படியும் ஜெப நேரமும்

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட்டால் மாவு அச்சை விட்டு வரமாட்டேன் என்கிறது. வந்ததும் இரண்டே நாளில் நமுத்துப் போகிறது. பேசாமல் கடையில் வாங்கிவிடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வாங்கலாம், பாவமில்லை. ஆனால் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் செய்யக்கூடிய பலகாரம் இது, விட்டுவிடாதீர்கள். அரிசி மாவு 300 கிராம், மைதா 50 கிராம், சீனி 170 கிராம், முட்டை 3, தேங்காய்ப்பால் 450 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. சீனி முழுக்கக் கரைந்தபின் வடிகட்டி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அரிசி மாவு அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டே அச்சை முக்குங்கள்.

புது அச்சை முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போட வேண்டும். சுடும்போது அச்சு எண்ணெயிலேயே காய வேண்டும். சூடு பற்றாவிட்டால் மாவு பிடிக்காது. மிஞ்சினால் மாவில் வைத்ததுமே சுர்ரென்று வெந்து கழன்று மாவுக்குள்ளேயே விழும். முக்கால் உயரம் மட்டும் முக்குங்கள். மாவு மேல் விளிம்பைத் தாண்டி ஏறினால் அச்சைச் சுற்றிப் பூட்டுப் போட்டுக்கொள்ளும். உங்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். எண்ணெயில் அரைவேக்காடு ஆனதும் லேசாக ஆட்டுங்கள், மிச்சத்துக்குச் சாத்தே குச்சி போதும்.

நமுப்பதற்குக் காரணம் அவசரம். நுரை அடங்கும் முன்பே எடுத்தால் உள்ளே ஈரம் நிற்கும். சூடு ஆறும் முன்பே மைலோ டின்னில் அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லை. மழை பெய்யும் சாயங்காலத்தில் சுட்டதைத் தட்டில் திறந்து போட்டாலும் இதே கதிதான். ஆறியதும் உடனே மூடிவிடுங்கள். நமுத்ததை ஓவனில் 120 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் மீண்டும் மொறுமொறுக்கும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்தில் வீட்டில் மெழுகுவர்த்தி வளையம் வைத்து ஜெபிக்க ஆசை. ஆறு வயதுக்காரன் ஓடுகிறான், பதிமூன்று வயதுக்காரி போனை விடுவதில்லை.
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் நடக்காது, தூக்கமும் டிவியும் முந்திக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன், ஏழு எட்டு நிமிடம், அவ்வளவே. அன்றைய நற்செய்தியில் நான்கைந்து வசனத்தை மகள் வாசிக்கட்டும், ஆளுக்கொரு வரியில் மன்றாட்டு, கடைசியாக ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும். அப்பாவின் போன் கூடைக்குள் போகாமல் மகளின் போன் போகாது.

வளையத்தைக் கடையில் வாங்கவே தேவையில்லை. ஒரு தட்டு, நான்கு மெழுகுவர்த்தி: மூன்று ஊதா, மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு இளஞ்சிவப்பு. வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டி ஏற்றும்போது முதல் மெழுகுவர்த்தி எல்லா வாரமும் எரிவதால் சீக்கிரம் குட்டையாகும், அதைத் தடிமனாக வாங்குங்கள். ஒல்லியானவை நம்மூர் வெயிலுக்கு ஜன்னலோரம் வைத்தால் வளைந்துவிடும். ஏற்றும் முன் மேல்விசிறியை அணையுங்கள். மெழுகுவர்த்தியை அணைக்கும் பொறுப்பைச் சின்னவனுக்குக் கொடுத்தால் ஓடாமல் இருப்பான்.

கேள்வி: திறந்த இல்ல உபசரிப்புக்கு 40 பேர். செலவு கைமீறாமல் செய்ய வேண்டும்.
– வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: ஐந்தாறு வகை வேண்டாம். நெய்ச்சோறு, கோழிக்கறி, ஒரு சைவக் குழம்பு, வெள்ளரி அச்சார் போதும். அரிசி 4 கிலோ, எலும்போடு கோழி 6 கிலோ. மலாய் நண்பர்கள் வருவார்கள் என்றால் ஹலால் கோழி வாங்குவதோடு வேலை முடியாது, பன்றிக்கறி புழங்கிய சட்டியும் கரண்டியும் அன்று வேண்டாம். ரம் ஊற்றிய கேக்கை மேசையில் வைக்காமல் குடும்பத்துக்கு எடுத்து வையுங்கள். தேங்காய்ப்பால் கறி காலையிலிருந்து மேசையில் இருந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். இரண்டு சட்டியாகப் பிரித்து, ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்து, பிற்பகல் விருந்தினருக்குக் கொதிக்கவைத்துப் பரிமாறுங்கள்.