உடலின் தன்னிலை காத்தல் என்றால் என்ன? அதைச் சேலத்து முதலாண்டு மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

வெளிச்சூழல் எப்படி மாறினாலும், உடலுக்குள் இருக்கும் வெப்பம், நீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றை ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பதே தன்னிலை காத்தல். இவை அந்த எல்லையைத் தாண்டினால், உயிரணுக்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகள் சரியாக இயங்காது என்பதால்தான் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது.

உறுப்பு மண்டலங்களைத் தனித்தனிப் பாடங்களாக நடத்துவதைவிட, சேலத்து மாணவர்களுக்குத் தெரிந்த வெயிலையும் குளிரையும் கொண்டு அவற்றைச் சேர்த்தே விளக்குவது நல்லது. சித்திரை வெயிலில் சேலம் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது, மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் இரத்தத்தின் வெப்பம் கூடுவதை உணர்ந்து, தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, வியர்வையையும் சுரக்க வைக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் மார்கழிக் குளிரிலோ அதே குழாய்கள் சுருங்குகின்றன, கை மயிர் சிலிர்க்கிறது, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. நரம்பு, தோல், இரத்த ஓட்டம், தசை ஆகிய மண்டலங்கள் ஒரே வேலைக்காக இணைவதை மாணவர் தம் உடலிலேயே காணலாம்.

ஏற்காட்டு மலைப்பாதையில், வண்டி சற்று இடப்பக்கம் விலகினால் வலப்பக்கமும், வலப்பக்கம் விலகினால் இடப்பக்கமும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்துவதைப் போன்றதே தன்னிலை காத்தல். விலகல்தான் திருத்தத்தைத் தூண்டுகிறது.

காய்ச்சல் வந்தாலே இந்த ஏற்பாடு பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தொற்றை எதிர்க்கும்போது ஹைப்போதலாமஸ் தன் இலக்கு வெப்பத்தையே உயர்த்திக்கொள்கிறது, அதனால்தான் உடல் சுடும்போதே குளிர் நடுக்கமும் வருகிறது.