கை நடுங்கினால் கேமராவை வைத்துவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 62. கேனான் ஏபிஎஸ்-சி கேமராவும் 55–250 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். பறவைகளை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் கலங்கலாக இருக்கிறது. கையில் லேசான நடுக்கம் உண்டு. டிரைபாட் தூக்கிக்கொண்டு அலைய உடம்பு இடம் கொடுக்காது. கேமராவை மூட்டை கட்டி வைத்துவிடலாமா? – ஒரு வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. மூச்சும் நாடித்துடிப்பும் இருக்கிறவரை யார் கையும் அசையத்தான் செய்யும். என்னிடம் படம் கொண்டுவந்து காட்டும் இளைஞர்களிடமும் இதே கலங்கலைப் பார்க்கிறேன். (நடுக்கம் அண்மையில் கூடியிருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.)

முதலில், கலங்கியது எதனால் என்று படத்தையே கேளுங்கள். நன்றாகப் பெரிதாக்கி, பறவையின் கண்ணில் தெரியும் வெளிச்சப் புள்ளியைப் பாருங்கள். அந்தப் புள்ளி சிறு கோடாக இழுபட்டு, பக்கத்துக் கிளையும் இலை விளிம்பும் அதே திசையில் இழுபட்டிருந்தால், அசைந்தது கேமரா. கிளை கூர்மையாக இருந்து தலை மட்டும் கலங்கியிருந்தால், பறவை தலையைத் திருப்பியிருக்கிறது. பறவை மங்கலாகவும் பின்னால் இருக்கும் கிளை துல்லியமாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. அதற்கும் கைக்கும் சம்பந்தமில்லை. இதைப் பிரித்துப் பார்க்காமலே எத்தனையோ பேர் தங்கள் கையை நொந்துகொள்கிறார்கள்.

இழுபட்ட கோடு மேலும் கீழுமாக இருக்கிறதா? பெரும்பாலும் அது பட்டனைக் குத்தும் விரலின் வேலை. குத்தும்போது கேமராவின் வலது பக்கம் ஒரு நொடி கீழே இறங்கும். பாதி அழுத்தி ஃபோகஸ் ஆனதும் விரலை எடுக்காமல், நுனியை மெல்ல உருட்டுவதுபோல மீதியை அழுத்துங்கள். சத்தம் கேட்டவுடனே விரலை விடாதீர்கள். ஒரு கணம் அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது இடது கை. நான் யாரைப் பார்த்தாலும் முதலில் கவனிப்பது அதைத்தான். லென்ஸைப் பக்கவாட்டில் பிடித்தால் மணிக்கட்டு சீக்கிரம் களைத்துவிடும். உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து, லென்ஸின் கனம் முழுவதும் அதில் உட்காரும்படி வையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஜூமைத் திருப்பிக்கொள்ளும். வலது கைக்குப் பட்டனை அழுத்துவதைத் தவிர வேறு சுமை இருக்கக் கூடாது. முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் சிறு ஜன்னலை) புருவத்தோடு நன்றாக அணைத்துக்கொள்ளுங்கள். முகமும் ஒரு தாங்கல்தான். 250-இல் ஜூம் வைத்துக்கொண்டு, கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுக்கவே எடுக்காதீர்கள்.

மூச்சை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால் உடம்பு இறுகி நடுக்கம் கூடும். இயல்பாக மூச்சு விட்டு, அடுத்த மூச்சு தொடங்கும் முன் வரும் சின்ன இடைவெளியில் அழுத்துங்கள். உட்கார்ந்து எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆனால் முழங்கை எலும்பை முழங்கால் எலும்பின் மேல் வைத்தால் வழுக்கும். முழங்கைக்குச் சற்று மேலே உள்ள சதைப்பகுதியை முழங்காலில் பதியுங்கள்.

இனி ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஒளி விழ ஷட்டர் திறந்திருக்கும் நேரம். லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணுக்குக் குறையாத வேகம் வேண்டும் என்பது 35 மி.மீ. ஃபிலிம் காலத்துக் கணக்கு. உங்கள் ஏபிஎஸ்-சி கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் அந்த ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் 1.6 ஆல் பெருக்க வேண்டும்: 250 என்பது 400 ஆகும். அதாவது 1/400 நொடி. உங்களுக்கு நான் 1/800-இல் தொடங்கச் சொல்வேன். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் நாய்ஸை மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம்; ஷேக் ஆன படத்தை அவ்வளவு எளிதில் மீட்க முடியாது. நாலைந்து படங்களைத் தொடர்ச்சியாக எடுங்கள். முதல் படத்தில் விரல் அழுத்திய அதிர்வும் கடைசியில் விட்ட அதிர்வும் இருக்கும். நடுவில் உள்ளதில் நல்லது கிடைக்கும்.

கேள்வி: என் லென்ஸில் அதிர்வைத் தணிக்கும் வசதி இருக்கிறது. 1/15-இல்கூட மேசை, நாற்காலி துல்லியமாக வருகிறது. குழந்தைகள் மட்டும் ஏன் கலங்குகிறார்கள்? – ஒரு வாசகர்

பதில்: அந்த வசதி உங்கள் கையின் அசைவைத்தான் ஈடுசெய்யும், குழந்தையின் ஓட்டத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எஸ்எல்ஆர் (லென்ஸ் காணும் காட்சியையே உள்ளே ஒரு கண்ணாடி வழியாகக் காட்டும்) கேமராக்களுக்கான, கழற்றி மாட்டும் லென்ஸில் இதை கேனான் 1995-இல் 75–300 லென்ஸோடு கொண்டுவந்தது. மூன்று ஸ்டாப் உதவி (ஒரு ஸ்டாப் என்பது ஷட்டர் நேரத்தை இரட்டிப்பது) என்றால் 1/200 தேவைப்படும் இடத்தில் 1/25 போதும் என்று பொருள், எதிரே இருப்பது அசையாத வரை. ஓடும் குழந்தைக்கு 1/500 வையுங்கள். பாதி அழுத்தியதும் வியூஃபைண்டரில் படம் நிலைகொள்ள அரை நொடி விட்டு எடுப்பதும் நல்லது.

கேள்வி: மொபைலில் இரவுப் படம் ஆடாமல் எடுப்பது எப்படி? – கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, திரையைத் தட்டும்போதே மொபைல் ஆடிவிடும். இரண்டு கையாலும் பிடித்து வால்யூம் பட்டனால் எடு, அல்லது மூன்று நொடி டைமர் வை. தூண், சுவர், கைப்பிடிக் கம்பி எது இருந்தாலும் மொபைலின் விளிம்பை அதில் அழுத்தி வை. நைட் மோடு பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. திரையில் ஓடும் நொடிகள் முடியும்வரை கையை இறக்காதே. அவசரப்பட்டு இறக்குவதால்தான் பாதிப் படங்கள் வீணாகின்றன.

கேள்வி: டிரைபாட் அனுமதிக்காத இடங்களில் என்ன செய்வது? – ஒரு வாசகி

பதில்: கேமராவின் அடியில் டிரைபாட் மாட்டும் துளை பெரும்பாலும் கால் அங்குலத் திருகுக்கானது. அந்த அளவில் ஒரு திருகு வாங்கி, உங்கள் உயரத்துக்குக் கயிறு கட்டுங்கள். மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்து, கயிறு விறைப்பாக இருக்கும்போது எடுங்கள். மேல்-கீழ் ஆட்டம் நன்றாகவே அடங்கும். பக்கவாட்டு ஆட்டத்துக்குத் தோளைச் சுவரில் சாய்த்துக்கொள்ளுங்கள். கயிறு இழுபடாத ரகமாக இருக்க வேண்டும், எலாஸ்டிக் உதவாது.