புதிதாக ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறேன். டிஸ்க் பிளேயரோடு சேர்ந்த செட் வாங்கலாமா? புது வகை டிஸ்க் வந்தால் எல்லாம் வீணாகிவிடுமா?

எல்லாம் வீணாகாது. ஆனால் சேர்ந்த செட் மட்டும் வாங்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். மீதி, 2007ல் இதே கேள்வியை யாரிடமும் கேட்காமல் கடைக்குப் போன ஒருவனின் கதை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சவுண்ட் என்ஜினியர் கிடையாது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஸ்பீக்கர் வயருக்கு மட்டும் எட்டாயிரம் செலவழித்துவிட்டு "திரை விலகின மாதிரி இருக்கு" என்று சொல்கிறவர்கள் இந்தத் தளத்தில் நிறையப் பேர் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் காதுக்கு எட்டியதை மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால் டிவி வாங்கியாகிவிட்டது, சுமாரான அளவில் ஒரு ஹால், தரையில் டைல்ஸ், கையில் நாற்பது ஐம்பதாயிரம் என்று தோன்றுகிறது. என் நிலைமையும் அன்று அதேதான். அதற்கு முன்னால் என்னிடம் இருந்தது ஒரு விசிடி பிளேயரும், "பி.எம்.பி.ஓ. 1200 வாட்ஸ்" என்று மினுமினுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டீரியோ செட்டும். அந்த 1200 சும்மா. கண்ணிமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடிய உச்சத்தைக் கற்பனையாகக் கணக்குப் போட்டு அச்சடித்த எண். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவைத் தேடினால், செட்டின் பின்னால் பொடி எழுத்தில் பக்கத்துக்கு 15 வாட்ஸ். விசிடியில் ஒரு தட்டுக்கு 74 நிமிடம்தான் கொள்ளும். ஆகவே எந்தப் படமும் இரண்டு தட்டு, சில படம் மூன்று. கதாநாயகி பாதி வசனத்தில் நிற்க, நாம் எழுந்து போய்த் தட்டை மாற்ற வேண்டும்.

2007ல் மோசர் பேர் கம்பெனி தமிழ்ப் பட டிவிடிகளை 34 ரூபாய்க்கு இறக்கியது. பெட்டிக்கடை வரை வந்தது. வீட்டில் டிவிடி குவிய ஆரம்பித்ததும் எனக்கு 5.1 ஆசை, அதாவது சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. (நான் வாங்கியவற்றில் பாதிக்கு மேல் வெறும் ஸ்டீரியோ என்பது பிறகு தெரிந்த சங்கதி.) தீபாவளி போனஸை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், அந்தக் கடைக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் டீ வாங்கித் தருகிறார். தனி ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் ஏ.வி. ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். எல்லாம் சேர்த்து 42,000. சமையலறைக்கு அலமாரி போட வைத்திருந்த பணம் அது என்று என் மனைவி இப்போதும் ஞாபகப்படுத்துவாள்.

"எச்.டி.எம்.ஐ. இருக்குதுங்க சார். ரெண்டு உள்ள, ஒண்ணு வெளிய. இனி பத்து வருசத்துக்கு நீங்க கடைப் பக்கமே வர வேண்டியதில்லைங்க."

நானும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். படமும் சத்தமும் ஒரே வயரில் போகிற அந்த எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை என்ன வேலை செய்யும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தச் சமயம் உலகத்தில் டிவிடிக்கு அடுத்து யார் என்று ஒரு பங்காளிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சோனி கூட்டத்தின் ப்ளூ-ரே, மறுபக்கம் தோஷிபாவின் எச்.டி. டிவிடி. இரண்டும் 2006ல் கடைக்கு வந்தவை, ஒன்றின் தட்டு மற்றதில் ஓடாது. எங்கள் ஆபீஸ் ஸ்டோர்ஸ் பிரிவில் ஒரு அண்ணன். அவர் மகன் அமெரிக்காவிலிருந்து 2008 பொங்கலுக்கு வந்தபோது அப்பாவுக்கு எச்.டி. டிவிடி பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தான். அங்கே தள்ளுபடியில் போட்டிருந்தார்களாம். எதற்குத் தள்ளுபடி என்று பையன் யோசிக்கவில்லை. ஜனவரி முதல் வாரத்திலேயே வார்னர் படக் கம்பெனி இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்திருந்தது. பொங்கல் முடிந்து ஐந்தாவது வாரம், பிப்ரவரி 19 அன்று, தோஷிபாவே கடையைக் கட்டியது. அந்த பிளேயர் 110 வோல்ட் வேறு. ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் பக்கத்தில் வைத்திருந்தார். பிளேயரைவிட டிரான்ஸ்ஃபார்மர் கனம். அதில் சாதா டிவிடி ஓடியதால் நான்கைந்து வருடம் அதற்கே பயன்படுத்தினார். மகன் போன் செய்யும்போது மட்டும் "ஜம்முனு இருக்குது கண்ணு" என்பார்.

அவரைப் பார்த்து மனசுக்குள் சிரித்தேன். என் முறை 2010ல் வந்தது.

என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்கி வந்தான். எச்.டி.எம்.ஐ. வயரை பிளேயரிலிருந்து ஆம்புக்கும், ஆம்பிலிருந்து டிவிக்கும் போட்டோம். படம் வந்தது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. சத்தமும் வந்தது. ஆனால் டிவியிலிருந்து! என் 5.1 ஊமையாக நின்றது.

"மச்சான், ஆம்ப் போயிருச்சு போல" என்றான்.

"ஆம்ப் எங்க மாப்ளை போகும்? காலையில பாட்டு கேட்டேனே."

இரண்டு ராத்திரி மல்லுக்கட்டினோம். வயரை மாற்றினோம், மெனுவுக்குள் போய்ப் புரட்டினோம். மூன்றாம் நாள் மேனுவலை முதல் பக்கத்திலிருந்து படித்தபோது, ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருந்தது: இந்த ஆம்பில் எச்.டி.எம்.ஐ. வழியே வரும் சத்தத்தை எடுத்து இசைக்கும் வசதி கிடையாது, அப்படியே டிவிக்குக் கடத்திவிடும். அதாவது நான் வாங்கியது ஒரு வழிப்போக்கன் ஓட்டை. இப்படிப்பட்ட ஆம்ப் அன்று நிறைய விற்றார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, எச்.டி.எம்.ஐ. இருக்கிறது என்றார், இருந்தது. அவருக்கே தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ப்ளூ-ரேயின் பெருமையே டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ என்ற இரண்டு ஒலித்தடங்கள். ஸ்டூடியோவில் கலந்த ஒலியை ஒரு துளி கழிக்காமல் தருபவை. இவை, சத்தத்தை ஒளியாகக் கடத்தும் ஆப்டிகல் வயரில் போகாது. அதில் சுருக்கிய 5.1 அல்லது சாதா ஸ்டீரியோ மட்டுமே போகும். ஆகவே கேட்க மூன்று வழி. ஆம்ப் எச்.டி.எம்.ஐ.யில் சத்தத்தை வாங்க வேண்டும். இல்லையென்றால் பிளேயரின் பின்னால் ஆறு தனித்தனி அனலாக் பின் இருந்து, ஆம்பிலும் அதே ஆறு இருக்க வேண்டும். என் ஆம்பில் அந்த ஆறு இருந்தது, மச்சினன் பிளேயரில் இரண்டே இரண்டு. மூன்றாவது வழி, ஆசையை விட்டுவிட்டு ஆப்டிகலில் போடுவது.

விட்டுவிட்டேன். இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நன்றாகத்தான் இருந்தது. ப்ளூ-ரே தட்டில் அந்தப் பெரிய தடத்தோடு பழைய ஆம்புகளுக்காகச் சுருக்கிய தடமும் இருக்கும். டிவிடியில் டால்பிக்கு நொடிக்கு 448 கிலோபிட்தான் உச்சம், ப்ளூ-ரேயில் 640. டி.டி.எஸ். என்றால் 1509 வரை வரும். 2013ல் ஒருவர் வீடு காலி செய்யும்போது அவருடைய ஆம்பை 11,000க்கு வாங்கினேன், அது எச்.டி.எம்.ஐ.யில் முழுத் தடத்தையும் இசைக்கும். அதே தட்டை மாற்றி மாற்றிக் கேட்டேன். மழை பெய்யும் காட்சியில் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. தெரிய வேண்டும் என்று காசு கொடுத்திருக்கிறேன் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வித்தியாசம் எங்கே வந்தது என்றால், ஹாலில் பவானி ஜமக்காளம் விரித்த அன்று. டைல்ஸ் தரையில் முட்டித் திரும்பும் கீச்சொலி அடங்கி, வசனம் தெளிந்தது. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டதும் இன்னும் கொஞ்சம். "பாட்டு அலறுது, பேசறது கேக்கலை" என்று என் மனைவி வருடக்கணக்காகச் சொன்னதற்கு மருந்து, நடு ஸ்பீக்கரின் அளவை 3 டெசிபல் ஏற்றி, அதன் முகத்தை உட்காரும் நாற்காலியை நோக்கிச் சாய்த்தது. வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒற்றை ஸ்பீக்கரில்தான் வரும். அதை டிவி ஸ்டாண்டின் உள்தட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

சப்வூஃபர் பற்றிப் பேசினால் எங்கள் அபார்ட்மெண்ட் கதைக்குப் போக வேண்டியிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்குப் படம் பார்த்ததற்காக, அசோசியேஷன் கூட்டத்தில் என் பெயரை மினிட்ஸில் ஏற்றினார் செயலாளர். "அதிர்வு". சரி, கீழ் வீட்டில் பெரியவர் இருக்கிறார், நியாயம். சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போட்டு, சுவர் மூலையிலிருந்து நகர்த்தி வைத்தேன். அதே செயலாளர், ஆடி மாதம் எங்கள் கேட்டுக்கு எதிர்க் கம்பத்தில் கூம்பு ஒலிபெருக்கி கட்டி, காலை நாலரைக்கு ஆரம்பித்த விழாக் கமிட்டியில் பொருளாளர்! 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "அது சாமி காரியமுங்க, இது உங்க பொழுதுபோக்கு" என்றார். நானும் கூழ் குடிக்கிறவன்தான், சாமிக்கு எதிரி இல்லை. மினிட்ஸில் என் பெயர் இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். 2018ல் 4கே டிவி வந்தது, பின்னாலேயே 4கே ப்ளூ-ரே பிளேயர். இந்த முறை வாங்கும் முன்னால் மேனுவலை இணையத்தில் இறக்கிப் படித்துவிட்டுத்தான் போனேன். என் 2013 ஆம்புக்கு 4கே தட்டில் திருட்டுக் காப்பியைத் தடுக்கப் போட்டிருக்கும் பூட்டு புரியாது, அதன் வழியே படத்தைக் கொண்டுபோனால் வராது. ஆனால் சில பிளேயர்களில் பின்னால் இரண்டு எச்.டி.எம்.ஐ. வெளிவாசல் உண்டு. ஒன்று படத்துக்கு, நேராக டிவிக்கு. இன்னொன்று சத்தத்துக்கு மட்டும், ஆம்புக்கு. அப்படிப்பட்டதைத் தேடி வாங்கினேன். முதல் முயற்சியிலேயே ஐந்து ஸ்பீக்கரும் பேசின. மச்சினனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவன் இப்போது டிவிக்குக் கீழே ஒரு சவுண்ட்பாரோடு நிறுத்திக்கொண்டான்.

2007ல் வாங்கியதில் இன்றும் ஓடுவது அந்த ஸ்பீக்கர்கள். விசிடி பிளேயர், டிவிடி பிளேயர், முதல் ஆம்ப், எல்லாம் போய்ச் சேர்ந்தன. வூஃபரைச் சுற்றி இருக்கும் ஃபோம் வளையம் ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உக்கடத்தில் கோன் மாற்றுகிற ஒருவர் புது வளையம் ஒட்டிக் கொடுத்தார். இதனால்தான் சேர்ந்த செட் வேண்டாம் என்கிறேன். அதில் பிளேயரும் ஆம்பும் ஒரே பெட்டி. லென்ஸ் மங்கினால் ஆம்பும் சேர்ந்து போகும். அந்த ஸ்பீக்கர்கள் பலவும் மின்தடை குறைந்த 3 ஓம் வகை, தனி வகைப் பின் வேறு, சாதாரண ஆம்பில் மாட்ட முடியாது. ஆறு பெட்டியையும் பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் போட வேண்டியதுதான். என் தங்கை வீட்டில் அப்படித்தான் போட்டார்கள்.

பணம் குறைவென்றால் முன்னால் மூன்று ஸ்பீக்கரும் சப்வூஃபரும் மட்டும் வாங்குங்கள். பின்னால் வரும் இரண்டை அடுத்த போனஸில் சேர்க்கலாம், சத்தம் கெடாது.

"இந்தக் காலத்தில் யார் டிஸ்க் வாங்குகிறார்கள்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: உண்மைதான். ப்ளூ-ரே பிளேயர் செய்வதை ஓப்போ 2018ல் நிறுத்தியது, சாம்சங் 2019ல் கைகழுவியது. எனக்கும் ஓடிடி இருக்கிறது. ஆனால் 4கே ஓடிடி நொடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டில் வருகிறது, 4கே தட்டில் 100க்கு மேலும் போகும். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால்தான். அதோடு என் மகள் பாதி பார்த்து வைத்த படம் மறுமாதம் அங்கே இல்லை. என் அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை வந்து யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. (அலமாரி கடைசியில் சமையலறைக்கு வரவில்லை, டிஸ்க்குகளுக்குத்தான் வந்தது.)

இந்த வாரமே கடைக்குப் போவதாக இருந்தால், டிவியின் பின்பக்கத்தை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த எச்.டி.எம்.ஐ. பக்கத்தில் "ஏ.ஆர்.சி." என்றும் எதில் "இ-ஏ.ஆர்.சி." என்றும் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டுமே டிவியின் சத்தத்தை அதே வயரில் ஆம்புக்குத் திருப்பி அனுப்பும் வழி. முன்னதில் சுருக்கிய ஒலிதான் ஆம்புக்குத் திரும்பி வரும், பின்னதில் முழுத் தடமும் வரும். பிறகு ஆம்பைத் திருப்பச் சொல்லி, "இது சத்தத்தையும் வாங்குமா, கடத்திவிடுமா?" என்று கேளுங்கள். கடைக்காரர் தலையைச் சொறிந்தால் மேனுவலைக் கேளுங்கள். ஹாலின் நீள அகலத்தையும், எந்தப் பக்கம் ஜன்னல் என்பதையும் கமெண்ட்டில் போட்டால், ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.