கோபால்ட்டைக் கூட்டவா, கேட்டலிஸ்ட்டைக் கூட்டவா? ஃபைபர் ரெசின் கேள்வி பதில்

கேள்வி: ஃபைபர் படகுகளுக்கு ஒட்டு வேலை செய்கிறோம். கத்திரி வெயிலில் எட்டு நிமிடத்தில் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும் ரெசின் (ஃபைபரை ஒட்டிப் பிடிக்கும் பிசின்), கார்த்திகை மழையில் அதே அளவு போட்டும் சாயங்காலம் வரை பிசுபிசுவென்று கிடக்கிறது. எதை மாற்ற வேண்டும், கோபால்ட்டையா கேட்டலிஸ்ட்டையா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பட்டறையில் ‘கேட்டலிஸ்ட்’ என்று சொல்லும் எம்.இ.கே.பி. (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) உண்மையில் வினையூக்கி அல்ல. அது ஒரு பெராக்சைடு. தானே உடைந்து, ரெசினையும் அதில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவத்தையும் பின்னிப் பிணைக்கத் தொடங்கிவைத்து, அந்த வேலையிலேயே தீர்ந்துபோகிறது. சாதாரண வெப்பத்தில் அது தானாக உடையாது. உடைக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் கோபால்ட். ஒரு பெராக்சைடு மூலக்கூறை உடைத்து நிலை மாறும் கோபால்ட், இன்னொன்றை உடைக்கும்போது பழைய நிலைக்கே திரும்பிவிடும். தீராமல் திரும்பத் திரும்ப வேலை செய்வதால்தான் துளியளவு கோபால்ட்டே ஒரு வாளி ரெசினுக்குப் போதுமானதாகிறது.

எனவே எம்.இ.கே.பி.யைக் குறைத்து நேரத்தை நீட்டாதீர்கள். ரெசின் எடையில் 1 சதவீதத்துக்குக் கீழே போனால், இறுகியதுபோல் தெரிந்தாலும் உள்ளே முழுமையாகப் பிணையாமல் நின்றுவிடும். பிறகு எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் அந்த வலு வராது. 2 சதவீதத்தைத் தாண்டினாலும் கெடுதல்தான். சூடு ஏறி வெடிப்பு விழும், மிஞ்சிய திரவம் உள்ளே தங்கி ஒட்டைப் பலவீனமாக்கும். 1 கிலோ ரெசினுக்கு 1 சதவீதம் என்றால் 10 கிராம், அதாவது ஏறக்குறைய 9 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் 10 மில்லி சிரிஞ்சில் எடுங்கள்.

நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் கோபால்ட்தான் கைப்பிடி. ஆனால் டப்பாவில் எழுதியிருக்கும் வீரியத்தைப் பாருங்கள். 6 சதவீதக் கோபால்ட் என்றால் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம் போதும். நீர்த்த 1 சதவீதக் கரைசல் என்றால் அதே வேலைக்கு 6 முதல் 18 கிராம். ஒரு கடையை விட்டு இன்னொரு கடையில் வாங்கியதும் ‘இந்த ரெசின் சரியில்லை’ என்று தோன்றுவதற்குப் பல நேரம் இந்த வித்தியாசமே காரணம். சில ரெசின்களில் கம்பெனியிலேயே கோபால்ட் சேர்த்து விற்பார்கள். இளஞ்சிவப்பு அல்லது ஊதாச் சாயல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்; கேட்காமல் மேலும் ஊற்றாதீர்கள்.

வெப்பம் 10 டிகிரி ஏறினால் இறுகும் நேரம் தோராயமாகப் பாதியாகும். ஆகவே வேலை தொடங்குவதற்கு முன், அன்றைய ரெசினில், வேலை நடக்கும் இடத்திலேயே சோதியுங்கள். காகிதக் கப்பில் 100 கிராம் ரெசின், அதற்கான கோபால்ட், நன்றாகக் கலக்கிய பிறகு 1 கிராம் எம்.இ.கே.பி. பெராக்சைடு பட்டதும் ஊதாச் சாயல் மறைந்து பச்சை கலந்த பழுப்பாக மாறும். நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாகும்வரை, கப்பின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்க வேண்டும். கலவை நுங்குபோல் திரள 20 முதல் 25 நிமிடம் ஆனால் கைவேலைக்குச் சரியான அளவு. கத்திரியில் 6 சதவீதக் கோபால்ட்டைக் கிலோவுக்கு 1 கிராமாக இறக்குங்கள், நிழலில் வேலை செய்யுங்கள், ஒரு நேரத்தில் அரை கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். மழைக்காலத்தில் அதே கோபால்ட் கிலோவுக்கு 3 கிராம், எம்.இ.கே.பி. 1.5 சதவீதம் வரை போகலாம். ஆனால் மழையில் வரும் பாதித் தொல்லை குளிரால் அல்ல, ஈரத்தால். ஈரம் குடித்த ஃபைபர் மேட்டில் (கண்ணாடி இழை விரிப்பில்) ரெசின் வெள்ளை பூத்து நிற்கும். அதை எந்த அளவும் சரிசெய்யாது. விரிப்பைக் காயவைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: கோபால்ட், கேட்டலிஸ்ட் இரண்டையும் முதலிலேயே ஒன்றாகக் கலந்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம் அல்லவா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஒருபோதும் கூடாது. ரெசினுக்குள் கரைந்து பரவியிருக்கும்போது அடக்கமாக நடக்கும் அதே உடைப்பு, இரண்டும் நேராகச் சேர்ந்தால் ஒரே நொடியில் மொத்தமாக நடக்கும். தீப்பிடிக்கும், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி இரண்டு மூன்று நிமிடம் கலக்கி, அது முழுக்கப் பரவிய பிறகே எம்.இ.கே.பி. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச், தனித்தனி அலமாரி. சிரிஞ்சில் வண்ண டேப் சுற்றிவிடுங்கள். கோபால்ட் தொட்ட சிரிஞ்சைக் கழுவிவிட்டுக்கூட மற்றதற்கு எடுக்காதீர்கள்.

எம்.இ.கே.பி.யை வந்த பிளாஸ்டிக் கேனிலேயே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இரும்பு, பித்தளைப் பாத்திரம் ஆகாது. அசிட்டோன் ஊற்றி நீர்க்கச் செய்யவும் கூடாது. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதுதான் மிகக் கொடிய தவறு: நிறமில்லாமல் தண்ணீர்போலவே இருக்கும், தவறிக் குடித்தால் உயிர் போகும். ஊற்றும்போது கண்ணாடி அணியுங்கள். கண்ணில் தெறித்தால் ஒரு வினாடியும் தாமதிக்காமல், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிந்தியதை மணல் போட்டு எடுங்கள், மரத்தூள் போடாதீர்கள். மிஞ்சிய கலவையை வாளியில் குவித்து விட்டுவிட்டால் சூடேறிப் புகையும், தட்டையாகப் பரப்பிவிடுங்கள்.

கேள்வி: மறுநாளும் மேல்பரப்பு கையில் ஒட்டுகிறது. மேலே கொஞ்சம் கேட்டலிஸ்ட் தடவினால் காயுமா?
– வாசகர், கடலூர்

பதில்: காயாது; அது உள்ளே இறங்காது. நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் கல்போல் இருந்து மேலே மட்டும் பசையாக இருந்தால் காரணம் காற்று. ஆக்சிஜன் மேல்பரப்பின் பிணைப்பைத் தடுக்கிறது. அடுத்த அடுக்கு போடுவதாக இருந்தால் அந்தப் பசை நல்லதுதான், அடுக்கோடு அடுக்கு பிடித்துக்கொள்ளும். கடைசி அடுக்கில் மட்டும் மெழுகுக் கரைசல் சேருங்கள். மெழுகு மேலே மிதந்து காற்றை அடைக்கும். மெழுகு போட்ட பரப்பின் மேல் பிறகு ஏதாவது ஒட்ட வேண்டுமென்றால் உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உரிந்து வரும். நகம் உள்ளே இறங்கினால் அங்கே பெராக்சைடு போய்ச் சேரவில்லை. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே வழி.

கேள்வி: கார் பட்டியுடன் (பள்ளம் நிரப்பும் ‘புட்டி’) வரும் சிவப்புப் பேஸ்ட்டை படகு ரெசினுக்குப் போடலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: அது பென்சாயில் பெராக்சைடு. அதைத் தூண்டுவது அமீன் வகை ஆக்ஸிலரேட்டர், அது பட்டிக்குள்ளேயே கலந்திருக்கும். கோபால்ட் மட்டும் உள்ள ரெசினில் அது அசையாது.

கேள்வி: எபாக்ஸியும் (ஹார்டனர் கலந்து இறுகும் இன்னொரு வகை ரெசின்) சீக்கிரம் காய ஹார்டனரைக் கூட்டலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கூடாது. எபாக்ஸியில் ஹார்டனர் தூண்டிவிட்டு ஒதுங்கும் பொருள் அல்ல. ரெசினோடு சேர்ந்து அதுவும் பொருளாகவே ஆகிறது. அளவு கூடினால் மிஞ்சிய ஹார்டனர் சேர இடமில்லாமல் ஒட்டு மெத்தென்றே கிடக்கும். டப்பாவில் சொன்ன விகிதத்தைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். அவசரமென்றால் ‘ஃபாஸ்ட்’ வகை ஹார்டனரைக் கேட்டு வாங்குங்கள்.