பறவைக்காக எலியைக் கொல்வதா?

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தின் வெலிங்டனில் இருக்கிறோம். என் மகள் வகுப்போடு இங்குள்ள ஸீலாண்டியா பறவைச் சரணாலயத்துக்குப் போய்வந்தாள். உள்ளே விடும்முன் பையில் எலி ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்களாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். எலிகளையும் ஸ்டோட் என்ற சிறு வேட்டை விலங்குகளையும் பொறிவைத்துக் கொல்கிறார்கள் என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். "பறவை மட்டும்தான் உயிரா அம்மா?" என்கிறாள். என்ன சொல்ல?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

'பெரியவளானால் புரியும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மனிதர்கள் வரும்வரை நியூசிலாந்தின் நிலத்தில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டியே வாழவில்லை. பறவைகளை வேட்டையாடியவையும் பறவைகளே. அவை கண்ணால் தேடிப் பிடிப்பவை என்பதால், ஆபத்து வந்தால் அசையாமல் நிற்பதே போதுமானதாக இருந்தது. பறக்கத் தெரியாத ககாபோ கிளி இன்றும் அப்படியே உறைந்து நிற்கும். மோப்பம் பிடித்து வருகிற விலங்கிடம் அது பலிக்குமா? எலிகள் மனிதர்களோடு படகிலும் கப்பலிலும் வந்திறங்கின. கீரியைப் போல் ஒல்லியான ஸ்டோட்டையோ, முயல்களை ஒழிப்பதற்கென்று 1880களில் வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். (முயல்கள் இன்னும் இருக்கின்றன.)

மகளிடம் நியூசிலாந்தின் தெற்கிலுள்ள பிக் சவுத் கேப் தீவின் கதையைச் சொல்லுங்கள். 1960களில் அங்கே கப்பல் எலிகள் ஏறிவிட்டன. தென்தீவு டீயெக்கே பறவைகளில் எஞ்சியிருந்தவை அந்தப் பகுதியில் மட்டும்தான். 1964இல் 36 பறவைகளைப் பிடித்து அண்டைத் தீவுகளுக்கு மாற்றியதால் அந்த இனம் பிழைத்தது. அங்கிருந்த ஒரு வகை வௌவாலை 1967க்குப் பிறகு யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. ஆக, எலியிடம் தோற்றது பறவை மட்டுமல்ல.

எலிமேல் குற்றமில்லை, கொண்டுவந்தவர்கள் நாம். அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். எலியை வில்லனாக்கிக் குழந்தைகளைக் கைதட்ட வைக்கும் பாடங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. கொல்லத்தான் வேண்டுமென்றால் நொடியில் கொல்லும் பொறியாக இருக்க வேண்டும் என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

எலி நுழையாமல் ஸீலாண்டியாவைச் சுற்றி 1999இல் கட்டி முடித்த 8.6 கிலோமீட்டர் வேலி மட்டும் போதாது. அங்கே மீண்டும் விடப்பட்ட காக்கா (காகம் அல்ல, ஒரு கிளி) வேலியைத் தாண்டி ஊருக்குள் பறக்கிறது. அதனால்தான் வீட்டுத் தோட்டங்களிலும் பொறி வைக்கிறார்கள். உங்கள் மகள் அதைத் தொட வேண்டாம். மை தடவிய தாளும் கொஞ்சம் வேர்க்கடலை வெண்ணெயும் வைத்த, குகைபோன்ற சிறு பெட்டி ஒன்றைத் தோட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரவில் வந்தது எலியா, முள்ளெலியா, பூனையா என்பதைக் காலடித் தடம் காட்டும். யாரும் சாக மாட்டார்கள்.

அன்புடன்