இருபது பள்ளியா, அறுநூறு பிள்ளைகளா?

தண்டையார்பேட்டைப் பக்கம் 20 பள்ளிகளைக் குலுக்கிப் போட்டு, 10 பள்ளிகளில் மட்டும் புகையிலைத் தடுப்பு வகுப்பு நடத்தினோம். பள்ளிக்கு 30 பேர். 600 பேரை வைத்து ஆய்வு என்று எழுதலாம்தானே?

எழுதலாம். ஆனால் 600 பேரின் பலம் கிடைக்காது. ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார், கேட்டுக்கு எதிரே ஒரே பெட்டிக்கடை. பதில்களும் ஒன்றுபோலத்தான் வரும். அந்த ஒற்றுமையை, அதாவது உட்குழுத் தொடர்புக் கெழுவை, 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு 30 பேரில் ஒருவரைக் கழித்தால் 29. 1 + (29 × 0.05) = 2.45. 600-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 245 பேர்தான்.

வகுப்புக்குப் பிறகு 'வேணாம்' என்று மறுக்கும் துணிச்சல் கூடியது, புகைப்பதும் குறைந்தது. துணிச்சல் வழியாகத்தான் குறைந்தது எனலாமா? (வியாசர்பாடி)

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நீங்கள் குலுக்கியது பள்ளிகளை. துணிச்சலை யாரும் குலுக்கித் தரவில்லை. டீக்கடை வாசலில் ஏரியா அண்ணன் நீட்டும் சிகரெட்டைத் தள்ளிவிடுகிற பையனின் அப்பா, பீடியே தொடாதவராக இருக்கலாம். துணிச்சல், புகைக்காதது இரண்டுக்குமே அந்த அப்பாதான் காரணம் என்றால், துணிச்சலுக்கு எதற்குப் பாராட்டு? ஒரு பலன் எதன் வழியாக வந்தது என்று பார்க்க பாரனும் கென்னியும் 1986-இல் சொன்ன படிகளை மட்டும் ஏறினால் இது தெரியவராது. வீட்டார், கூட்டாளிகள் பழக்கத்தை வகுப்புக்கு முன்பே கேட்டு வைத்திருந்தால் கணக்கிடும் மாடலில் சேருங்கள். அப்புறம், அளக்காமல் விட்ட காரணி எவ்வளவு வலுவாக இருந்தால் முடிவு கவிழும் என்று உணர்திறன் பகுப்பாய்வும் செய்யுங்கள். துணிச்சலையும் புகைப்பதையும் ஒரே நாளில், ஒரே தாளில் கேட்டீர்களா? அப்படியென்றால் எது முந்தியது என்றே சொல்ல முடியாது.

துணிச்சல் வழியாக வந்த பலன் நிஜமா என்று பார்க்க சோபல் சோதனை போதுமா?

வேண்டாம். வகுப்பு துணிச்சலை எவ்வளவு கூட்டியது, துணிச்சல் புகைப்பதை எவ்வளவு குறைத்தது என்ற இரண்டு கெழுக்களின் பெருக்கல், அந்தச் சோதனை எதிர்பார்க்கும் இயல்நிலைப் பரவலில் (மணி வடிவில்) அமையாது. பூட்ஸ்ட்ராப் (கையிலிருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிடுவது) செய்யுங்கள், ஆனால் பிள்ளைகளைத் தனித்தனியாக அல்ல, பள்ளிகளை முழுசாக எடுங்கள். 20 பள்ளிக்கு அதுவும் கொஞ்சம் ஆட்டம் காணும்.

வகுப்பு நடந்த பள்ளி, நடக்காத பள்ளி இரண்டின் பையன்களும் சாயந்திரம் ஒரே கேரம் போர்டில்! (காசிமேடு)

வடசென்னையில் வேறெங்கே இருப்பார்கள்? வகுப்பில் கேட்டவன் கேட்காதவனிடம் சொல்லிவிடுவான், வித்தியாசம் மங்கும். அடுத்த முறை தள்ளித் தள்ளி இருக்கிற பள்ளிகளாகப் பாருங்கள். பள்ளிக்குள்ளே நடப்பது வேறு சங்கதி. என் துணிச்சல் மட்டுமல்ல, என் கூட்டாளிகளின் துணிச்சலும் என்னைத் தடுக்கும். அதனால் பிள்ளையின் துணிச்சல் மதிப்பெண், அவன் பள்ளியின் சராசரி இரண்டையும் தனித்தனி இடைக்காரணியாக (வகுப்பின் பலனைக் கடத்தும் காரணியாக) போடுங்கள். சராசரிக்கான பிழை வரம்பு அகலமாகத்தான் வரும். அதை மறைக்காமல் அட்டவணையில் போட்டுவிடுங்கள்.