டர்பனில் எறிந்த பந்து எந்தப் பக்கம் விலகும்?

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, எறிந்த கிரிக்கெட் பந்து எங்கே போய் விழும் என்று எக்செல்லில் கணக்குப் போடுகிறாள். "பூமி சுழல்வதால் பந்து வலப்பக்கம் விலகும் என்று அவள் பார்த்த புத்தகத்தில் இருக்கிறது. நாம் தெற்கில் இருக்கிறோமே, அது இங்கேயும் பொருந்துமா? பந்து காற்றில் இருக்கும் 4 விநாடிக்குள் பூமி அடியில் நகர்ந்துவிடாதா? இதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

முதலில் பூமி நகர்வதைப் பார்ப்போம், குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. டர்பனின் தரை விநாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. 4 விநாடியில் 1.6 கிலோமீட்டர். ஆனால் எறியும் கையும் பந்தும் சுற்றியுள்ள காற்றும் அதே வேகத்தில்தான் ஓடுகின்றன. ஓடும் டாக்சிக்குள் நாணயத்தைச் சுண்டினால் அது உங்கள் மடியில்தானே விழுகிறது, பின் சீட்டுக்குப் போவதில்லையே! அந்த 1.6 கிலோமீட்டரை அப்படியே மறந்துவிடலாம்.

மிஞ்சுவது மிகச் சிறிய ஒன்று. டர்பனின் மோசஸ் மபிடா விளையாட்டரங்கத்தின் வளைவு 106 மீட்டர் உயரம். அதன் உச்சி பூமியின் அச்சிலிருந்து சற்றுக் கூடுதலாகத் தள்ளி இருப்பதால், தரையைவிட விநாடிக்கு 6.7 மில்லிமீட்டர் கூடுதல் வேகத்தில் கிழக்கே போகிறது. அங்கிருந்து ஒரு குண்டைக் கையைவிட்டு நழுவவிட்டால் கீழே வர 4.65 விநாடி ஆகும் (காற்றை விட்டுவிடுவோம்). இரண்டையும் பெருக்கினால் 3.1 சென்டிமீட்டர் வரும். உண்மையான விடை அதில் மூன்றில் இரண்டு பங்கு, 2.1 சென்டிமீட்டர், கிழக்கே. குண்டு நகர நகர ஈர்ப்பின் திசையும் துளி திரும்புவதால்தான் அந்தக் குறைவு. இது கற்பனை இல்லை. 1831இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கில் ஃபெர்டினாண்ட் ரைஷ் ஒரு சுரங்கத்துக்குள் 158 மீட்டர் ஆழத்துக்குக் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார். சராசரியாக 28 மில்லிமீட்டர் கிழக்கே விழுந்தன. இந்த விலகலுக்குப் பெயர் தந்த பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து, 1835இல்.

மேலே எறிந்தால் கதை தலைகீழ். பந்து ஏறும்போது பின்தங்குகிறது, அதனால் மேற்கே விழும். இது வடக்கிலும் தெற்கிலும் ஒன்றுதான். அரைக்கோளத்துக்கு அரைக்கோளம் மாறுவது கிடைமட்ட ஓட்டம் மட்டுமே. வடக்கில் வலம், நமக்கு இடம். புத்தகம் தவறில்லை, அது வடக்கே இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். மகள் மூன்று முடுக்கங்களைச் சேர்க்க வேண்டும். (அட்சம் என்றால் இடத்தின் அட்சரேகை.) கிழக்குத் திசையில்: 2 × சுழற்சி வேகம் × (சைன் அட்சம் × வடக்கு வேகம் − கொசைன் அட்சம் × மேல் வேகம்). வடக்குத் திசையில்: −2 × சுழற்சி வேகம் × சைன் அட்சம் × கிழக்கு வேகம். மேல் திசையில்: 2 × சுழற்சி வேகம் × கொசைன் அட்சம் × கிழக்கு வேகம். சுழற்சி வேகம் விநாடிக்கு 0.00007292 ரேடியன் (பாகையைப் போலக் கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு). டர்பனின் அட்சம் −29.9 பாகை. அந்தக் கழித்தல் குறிதான் பந்தை இடப்பக்கம் அனுப்புகிறது, விட்டுவிடக் கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எக்செல்லின் சைன் பாகையை அறியாது, ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். −29.9ஐ அப்படியே போட்டால் −0.498 வராது, +0.998 வரும். குறி மாறி, அளவும் இரட்டிப்பாகி, டர்பன் பந்து கிட்டத்தட்ட வடதுருவத்தில் எறிந்த மாதிரி வலப்பக்கம் போகும். புத்தகமும் வலம் என்றே சொல்வதால் சந்தேகமே வராது. கட்டாயம் ரேடியனுக்கு மாற்றிவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

விநாடிக்கு 28 மீட்டர் வேகத்தில் 45 பாகையில் எறிந்தால், காற்று இல்லாத கணக்கில் பந்து 80 மீட்டர் போகும், 4 விநாடி பறக்கும். வடக்கு நோக்கி எறிந்தால் இடப்பக்கம் 1.9 சென்டிமீட்டர் விலகும், தெற்கு நோக்கி எறிந்தால் வெறும் 0.5. வடக்கே எறியும்போது இடது என்பது மேற்கு, ஆகவே ஏறும்போது பின்தங்குவதும் கூடச் சேர்கிறது. தெற்கே எறியும்போது இடது கிழக்கு, அது கழிகிறது. கிழக்கே எறிந்தால் பக்கவாட்டில் விலகுவதோடு பந்து 1.4 சென்டிமீட்டர் கூடுதல் தூரமும் போகும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: 60 பாகையில் எறிந்தால் அந்தக் கூடுதல் தூரம் சரியாகப் பூஜ்யம். அதற்கு மேல் செங்குத்தாக எறிந்தால் தூரம் குறையவே செய்யும்.

பந்தின் விட்டமே 7 சென்டிமீட்டர். அப்புறம், மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வுத் தாளில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொடுக்கிறார்கள். டர்பனில் அது 9.793. இந்தச் சின்ன வித்தியாசமே 80 மீட்டரில் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் தரும், பூமியின் சுழற்சி தருவதைவிட மூன்று மடங்கு. முதலில் அதைச் சரிசெய்யட்டும். பூமி சுழல்வதால் வெளிப்பக்கம் தள்ளும் மையவிலக்கு விசையைத் தனியாகச் சேர்க்க வேண்டாம், 9.793க்குள் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. காற்றோ இவை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எறிந்த கணத்தில் காற்றின் இழுப்பு பந்தின் எடையில் ஏறத்தாழப் பாதி.

ஆகவே மைதானத்துப் பந்துக்குச் சுழற்சி தேவையில்லை. நீண்ட நேரம் பறப்பவற்றுக்குத்தான் தேவை. 1918இல் பாரிஸ் நகரைச் சுட்ட ஜெர்மன் பீரங்கியின் குண்டு 120 கிலோமீட்டர் தாண்ட ஏறக்குறைய 3 நிமிடம் எடுத்தது. அங்கே இதை விட்டிருந்தால் குறி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தவறியிருக்கும்.

ஆனால் கண்காட்சிக்கு இதைச் செய்வது வீண் என்று நான் சொல்லமாட்டேன். எவ்வளவு சிறியது என்று எண்ணால் காட்டுவதே நல்ல ஆய்வு. ஒரே எக்செல்லைச் சுழற்சியோடும் சுழற்சி இல்லாமலும் இருமுறை ஓட்டி, விடைகளின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கட்டும். 0.01 விநாடிப் படிகளில் எளிய முறையில் கணக்கிட்டால், அந்த முறையின் பிழையே 20 சென்டிமீட்டர் வரும். கழிக்கும்போது அது பெரும்பாலும் அடிபட்டுப் போகும். தாளில் ஒட்டுவதற்கு முன் இரண்டு சோதனை: 106 மீட்டரிலிருந்து சும்மா விட்டால் கிழக்கே 2.1 சென்டிமீட்டர் வர வேண்டும், வடக்கே எறிந்தால் பந்து மேற்கே போக வேண்டும். முதல் சோதனையில் விடை 0.4 சென்டிமீட்டருக்கும் கீழே வந்தால், எங்கோ இன்னும் பாகையை ரேடியனாக மாற்றவில்லை என்று பொருள்.